சிங்கப்பூர் பெல்ட்

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வாஷிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

என் பையில் அதற்கான பெல்ட் இருந்தது. சிங்கப்பூரில் இரண்டு நாள் அலைந்து வாங்கியது.

மிஷின் நின்றுவிட்டதாக மாதா திருவிழா சமயத்தில் பிலோமி எழுதியிருந்தாள். மோட்டார் இரைகிறது, தொட்டி சுற்றவில்லை. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிற புருஷனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பெல்ட் அறுந்திருக்கிறது. நான் வரும்வரை கையால் துவை என்று பதில் போட்டேன்.

"அது அப்பவே சரியாயிட்டு" என்றாள் பிலோமி.

பதினோரு மாதம் கழித்து வந்தவனிடம் அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டிலிருந்து என் தங்கை ஹில்டா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நீ இல்லாமலே நல்லா ஓடுது பாத்துக்கோ."

மிஷினை நிறுத்திப் பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். புதுத் துறைமுகம் திறந்த வருடம், கப்பலில் கழித்துப்போட்டதை வாங்கி நானே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும்.

உள்ளே, பெல்ட் இருந்த இடத்தில் ஒரு கயிறு.

தோணியின் பாய்க்கயிறு. முடிச்சு இல்லை. இரண்டு நுனிகளையும் புரி பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துப் பின்னியிருந்தது. தடவிப் பார்த்தேன். இணைப்பு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

இப்படிப் பின்னுகிறவர்கள் ஊரில் இரண்டு பேர். ஒருவர் பிலோமியின் அப்பா, கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். இறந்து நான்கு வருடமாகிறது. இன்னொருவன் அவர் தோணியில் வேலை பார்த்த சிலுவை.

சிலுவை பிலோமியைப் பெண் கேட்டவன். அவர் எனக்குக் கொடுத்தார். பெண்ணைத் தராவிட்டாலும் கைவேலையைத் தந்துவிட்டார் என்று கடற்கரையில் பேசிக்கொள்வார்கள்.

அப்படியானால் சிலுவை இந்தத் தரையில் மண்டி போட்டிருக்கிறான். பிலோமி பக்கத்தில் நின்றிருப்பாள். கருப்பட்டிக் காப்பி கொடுத்திருப்பாள். எந்தத் தம்ளரில் என்று அடுப்படியைப் பார்த்தேன்.

கத்தியை எடுத்தேன். கயிறு ஒரே இழுப்பில் அறுபடவில்லை.

சிங்கப்பூர் பெல்ட்டை மாட்டப் பார்த்தேன். நான்கு விரல் குறைந்தது. மோட்டாரை நகர்த்தலாம் என்றால் அதன் போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தன. அளவை நினைவிலிருந்து சொல்லி வாங்கியிருந்தேன்.

பிலோமி வந்து கூடையை இறக்கினாள். அறுந்த கயிற்றைப் பார்த்தாள். தொட்டியில் சோப்பு நுரையோடு கிடந்த துணிகளைப் பார்த்தாள்.

"ஏளா, சிலுவை இங்கன எத்தன தடவ வந்தான்?"

அவள் உள்ளே போய் அதே கயிற்றில் இன்னொரு துண்டு கொண்டுவந்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொண்டை ஊசியை உருவி, அதைக் கொண்டு புரிகளை நெகிழ்த்தினாள். நுழைத்தாள், இழுத்தாள், முறுக்கினாள். கயிற்றைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

எங்கள் கரையில் பெண்கள் தோணிக் கயிற்றைத் தாண்டக்கூட மாட்டார்கள்.

மிஞ்சிய நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"ஆம்பளப் பிள்ள இல்லன்னு அப்பா எனக்குத்தான் சொல்லிக் குடுத்தாவ. வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாவ."

கயிற்றைச் சக்கரங்களில் மாட்டி சுவிட்சைப் போட்டாள். தொட்டி சுற்றியது.

எனக்கு மூச்சு வந்தது. சிரிக்கக்கூட முயன்றேன். சிங்கப்பூர் பெல்ட்டைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

பிலோமி மீன் கூடையோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"சிலுவைக்கு அப்பா சொல்லிக் குடுக்கல" என்றாள். "நாந்தான்."