பெயர் வேண்டா

“உபயம்னு யார் பேரு மேடம் போடறது?”

மாமல்லபுரம் சிற்பப் பட்டறையிலிருந்து சடையப்பன் போனில் கத்தினார். பின்னால் கல் அறுக்கும் மெஷின் அவரைவிடச் சத்தமாகக் கத்தியது.

“வேண்டா,” என்றார் மார்கரெட் டீச்சர்.

“இன்னாது?”

“வேண்டா, வேண்டா.”

“ரைட்டு மேடம். புரிஞ்சிடுச்சு.”

மார்கரெட் கேளம்பாக்கத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். ஊரே ‘வாணாம்’ என்று சொல்லும்போது, அவர் மட்டும் இலக்கண சுத்தமாக ‘வேண்டா’ என்பார். மாதா கோயில் வாசலில் போட ஒரு கல் பெஞ்சு காணிக்கை கொடுக்கிறார். ஃபாதருக்குக்கூடச் சொல்லவில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாதே.

ஆனாலும் யாராவது கண்டுபிடித்துக் கேட்டால், “ஐயையோ, நானா?” என்று எப்படிச் சிரிப்பது என்பதைக் கண்ணாடி முன் இரண்டு தடவை பழகிக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்தது. ஃபாதர் வாசலுக்கு வந்து, தீர்த்தம் தெளித்துப் பெஞ்சை மந்திரித்தார். மூடியிருந்த துணியை விலக்கி, சத்தமாகப் படித்தார்.

“உபயம்: வேண்டா.”

மொத்தக் கூட்டமும் ஓரமாகத் திரும்பிப் பார்த்தது. அங்கே கோயில் பெருக்கும் வேண்டா, துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

“சாமி, நா ஒண்ணும் குடுக்கலியே,” என்றாள், பதறிப்போய்.

“பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் தாழ்ச்சி,” என்றார் ஃபாதர். “குடுத்துட்டு, குடுக்கலைங்கறாங்க. நாமெல்லாம் கத்துக்கணும்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மார்கரெட்டும் தட்டினார். தட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் வயிறு எரிந்தது. பெயர் போடாதே என்று சொன்னது நிஜம்தான், அதற்காக அடுத்தவள் பெயரையா போடுவது?

வீட்டுக்கு வந்ததும் போனில் சடையப்பனைப் பிடிபிடியென்று பிடித்தார்.

“பெயரே போட வேண்டா என்றேன், ஐயா.”

“வாணாம்னு சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும் மேடம். எங்க சின்னம்மா பேரே வேண்டாதான். நீங்க வேற ரெண்டு தபா சொன்னீங்களா, நா கரெக்டுன்னு நினைச்சிட்டேன். வுடுங்க. நாளைக்கு வந்து அத்த எடுத்துட்டு, உங்க பேரையே போட்டுர்றேன்.”

மார்கரெட் கொஞ்சம் யோசித்தார். “சரி, வாருங்கள்,” என்றார்.

திங்கட்கிழமை காலை இருவரும் போனபோது, வேண்டா பெஞ்சருகே குந்தியபடி எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். உளியும் கையுமாக வந்த ஆளைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

“அழிக்க வந்துகீறீங்களா டீச்சர்? நல்லது. யாரோ குடுத்ததுக்கு என் பேரு எதுக்கு?”

வேண்டாவே மேலே பேசினாள்.

“நாலாவதும் பொட்டப்புள்ளயா பொறந்துடுச்சேன்னு, இனிமே வாணாம்னு எனக்கு வெச்ச பேரு டீச்சர் இது. இந்தப் பேருக்கு நேத்துதான் மொத தபா கை தட்னாங்க. அதான் ஒரு தபா தொட்டுப் பாத்துகினேன்.”

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மார்கரெட் சடையப்பனின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். சடையப்பன் உளியை எடுத்தார்.

சத்தம் கேட்டு ஃபாதர் ஓடிவந்தார்.

“டீச்சர், என்ன பண்றீங்க? ஒரு ஏழையோட பேரு அங்க இருந்தா உங்களுக்குப் பொறுக்கலையா? இத்தனை வருஷமா கோயிலுக்கு வரீங்க. கொஞ்சமாவது தாழ்ச்சி வேணாமா?”

மார்கரெட் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

சடையப்பன் கல்தூளை ஊதிவிட்டு நகர்ந்தார். ஃபாதர் எட்டிப் பார்த்தார்.

‘உபயம்: வேண்டா அம்மாள்.’

“பிழை திருத்தினேன், ஃபாதர்,” என்றார் மார்கரெட். “உபயம் செய்தவர் பெயரை இப்படி மொட்டையாகவா எழுதுவது?”