பெட்டிக்குப் பின்னால் நாலு கோடு

மூன்றாவது வருஷமாக அதே வீட்டில், அதே தேதியில், இணையப் பெட்டியின் சீலைக் கிழித்திருந்தார்கள்.

அலுவலகத்தில் அவருக்கு ‘அரக்கு’ என்று பட்டப்பெயர். வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் பெட்டியை மாட்டி, திருகாணித் தலைகளின் மேல் சீல் ஒட்டுவது அவர் வேலை. ஒட்டினால் ஒட்டியதுதான். பெட்டி சுவரைவிட்டு நகக்கண் அளவு விலகினாலும் அலுவலகத் திரையில் சிவப்பு எரியும். அரக்கு ஒட்டிய சீலைப் பேய்கூடத் தொடாது என்று கிண்டல் செய்வார்கள்.

இந்த வீட்டுப் பேய் மட்டும் வருஷம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு தடவையும் வேறு ஆட்கள் வந்து, பெட்டியைக் கழற்றாமல் மேலோடு புது சீல் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

மூன்று தடவை கைவைத்தால் விதி ஒன்றுதான். பெட்டியைக் கழற்றி, தெருப்பக்கச் சுவரில் இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுக்குத் திருட்டு இணைப்புக் கொடுத்திருந்தால் இணைப்பையே துண்டிக்க வேண்டும்.

கதவைத் திறந்த பெண் அவருடைய சீருடையைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனாள்.

அவர் கண் நேரே சமையலறைக் கதவோரம் இருந்த பெட்டிக்குப் போனது. பெட்டி போனால் அந்த இடம் வெறுஞ்சுவர். வெறுஞ்சுவரை எந்தப் பெயிண்டர் விட்டுவைப்பான்?

அது அவர் பிறந்து வளர்ந்த வீடு.

இன்னமும் சமையலறைக் கதவு அடியில் தரையைப் பிறாண்டிக்கொண்டுதான் திறந்தது. ஜன்னலுக்குக் கீழே அந்த ஒரு தரைக்கல் மிதித்தால் இன்னமும் ‘டொக்’ என்றது. அதன் மேல்தான் அம்மாவின் தையல் மெஷின் நிற்கும். மிதிக்க மிதிக்க வீடே தாளம் போடும். அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தத் தாளத்திலேயே தூங்கிப்போவார். அடடா, எவ்வளவு சின்ன வீடு! அதற்குள் எத்தனை பேர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்!

வீட்டை விற்ற பிறகு, வாங்கியவர் இணைப்புக் கேட்டபோது, வேறொருவருக்குப் போன வேலையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் மாட்டச் சொன்னார் புது வீட்டுக்காரர். அங்கே சிக்னல் நிற்காது என்று கூசாமல் ஒரு பச்சைப் பொய்யை அவிழ்த்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், இடுப்புக்குச் சற்று மேலே மாட்டினார்.

அங்கேதான் அம்மா போட்ட நாலு பென்சில் கோடுகள் இருந்தன. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் சுவரோரம் நிற்க வைத்து, குதிகாலைத் தூக்காதே என்று அதட்டி, தலையில் நோட்டை வைத்து இழுத்த கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வருஷம்.

அதற்குப் பிறகு வீடு மூன்று தடவை நிறம் மாறியது, மூன்று குடும்பங்கள் மாறின. பெயிண்டர்கள் சீலைப் பார்த்துப் பயந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள். ஒன்பது வருஷமாக அந்தக் கோடுகளைப் பார்க்க அவருக்கு ஆசைதான். தன் சீலைத் தானே கிழிக்க அரக்குக்கு மனசு வருமா?

இன்றைக்கு வேறு வழியில்லை. திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சுழற்றினார். பெட்டியை மெல்ல விலக்கினார்.

பழைய வெளிர்நீலச் சுவர். நாலு பென்சில் கோடுகளும் அப்படியே இருந்தன.

பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் புதிதாக மூன்று கோடுகள்.

“இந்த வருஷம் அந்தப் பையனைத் தாண்டிட்டேன் அங்கிள்!”

அந்தப் பெண்ணின் மகள். முன்பல் இரண்டையும் காணோம். அம்மாக்காரி அவள் வாயைப் பொத்தினாள், பிறகு தானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குடிவந்த புதிதில், பிள்ளையின் பிறந்தநாளன்று பந்து பட்டுப் பெட்டி சாய்ந்ததாம். பின்னால் எட்டிப் பார்த்த பிள்ளை, இந்தக் கோடு ஒரு பையனுடையதுதான் என்று தானே முடிவுகட்டி, அவனோடு போட்டி போட ஆரம்பித்துவிட்டாளாம். பிறந்தநாளன்று வேறு எந்தச் சுவரில் அளந்தாலும் அழுகையாம். தப்புத்தான், தெரிந்தேதான் செய்தோம், இணைப்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள், என் வேலையே இதில்தான் ஓடுகிறது என்றாள்.

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். கண் திரும்பச் சுவருக்கே போனது.

மூன்றாவது சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை.

பிறகு பெட்டியை அதே இடத்தில் மாட்டி, புது சீல் ஒட்டினார். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் ‘பல்லி’ என்று எழுதினார். அடுத்த பிறந்தநாளுக்குத் தன்னைக் கூப்பிடச் சொல்லி, தன் சொந்த எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

சிறுமி அந்தத் தரைக்கல்லில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். அம்மாக்காரிக்கு இப்போதுதான் உயிர் வந்தது.

“அந்தப் பென்சில் கோடு உங்களுதாண்ணே?”

“தம்பியோடதும்மா.”

“அப்படியா! இப்ப நெடுநெடுன்னு வளந்திருப்பாரே?”

அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சிறுமியைத் திரும்பிப் பார்த்தார்.

“இவளைவிட ஒரு விரக்கடை கம்மி,” என்றார்.