பெட்டிகள் இருந்த மூலை

மனைவி காய்கறிக் கத்தியால் டிவி வந்த அட்டைப்பெட்டியின் அடியைக் கிழிக்கிறாள். ஒட்டியிருந்த டேப் வீறிட்டுக்கொண்டு பிரிகிறது. இந்த நாட்டுக்கு வந்த ஒன்பது வருடத்தில், நான்கு வீடு மாறியும், இந்தக் குடும்பம் ஒரு சாமானின் பெட்டியைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. என்றைக்கு மூட்டை கட்டச் சொல்வார்களோ, யார் கண்டது. மிக்சியைவிட மிக்சியின் பெட்டி பத்திரமாக இருக்கிறது. ஜன்னலை மறைத்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலையைத் தவிர வேறெங்கும் ஒரு மேஜைக்கு இடமில்லை. எட்டு வயது மகள் இஸ்திரிப் பலகையில் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். காலையில் கணவனின் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: விசா இன்னும் ஆறு மாதம், அப்புறம் பார்க்கலாம். மனைவி அதைப் படித்தாள், மடித்து வைத்தாள், கத்தியை எடுத்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? கிளம்பச் சொன்னா எல்லாத்தையும் எதுல கட்டுவே?" என்கிறான் கணவன்.

"சொல்லும்போது பாத்துக்கலாம்."

"ஆறு மாசத்துக்குப் போய் யாராவது மேஜை வாங்குவாங்களா?"

"அந்த ஆறு மாசமும் நம்ம ஆயுசுலதானே கழியுது."

பெட்டிகள் சரிய, ஜன்னல் வெயில் முதல்முறையாக அந்த மூலைத் தரையில் விழுகிறது. மகள் அதன்மேல் போய் உட்கார்ந்து, இன்னும் வராத மேஜைக்கு ஜாண் போட்டு அளக்கிறாள். கணவன் மிக்சிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி நிற்கிறான். மனைவி கத்தியைத் திருப்பி, பிடியை அவன் பக்கம் நீட்டுகிறாள்.