பத்தாவது கை

"தொடாதே, இந்திரா! உன் கை பட்டா இழையெல்லாம் சிக்கிக்கினு வந்துடும்."

தறியில் இருந்த கணவன் மயில்வாகனம் அலறினான். அறுந்த இழையை முடிச்சுப் போட வந்த இந்திராணி கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏழு வருஷமா முடிச்சுப் போட்ட கைப்பா இது."

"அப்போ கை. இப்போ தேங்காத் துருவி."

எல்லாம் ஆஸ்பத்திரி சானிடைசர் செய்த வேலை. அதிலுள்ள மல்லிகை வாசனை அவள் தோலுக்கு ஆகாது என்று தோல் டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தார். வாசனை இல்லாததை வாங்கித் தரச் சொல்லி நர்ஸ் இந்திராணி மூன்று மனு கொடுத்தாள். பதிலுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘கையில் வெடிப்பு உள்ளவர்கள் வார்டில் வேலை செய்யக் கூடாது.’

அன்று ஆஸ்பத்திரியில் புது நிர்வாகி சுகாசினி, வார்டு ஆட்கள் பத்து பேரையும் வரிசையில் நிறுத்தினார். பட்டுக்கடை வீட்டுப் பெண். கையில் பட்டு நூல்.

"ஒவ்வொருத்தரா இதை உள்ளங்கையில தேய்ங்க."

"போச்சுடி," என்றாள் இந்திராணி. "வெடிப்பு யாருக்குன்னு பாக்குறாங்க."

"எண்ணெய் தடவிக்கினு வந்திருக்கலாமில்ல?" என்றாள் முன்னால் நின்ற பொன்னி.

பெரிய டாக்டர் ஆதிகேசவன் கையில் நூல் வழுக்கிக்கொண்டு ஓடியது. "நம்ம ஊரு பட்டாச்சே!" என்று சிரித்தார். பொன்னி கையிலும் வழுக்கியது. பத்தாவது, இந்திராணி. நூல் கொத்தாக ஒட்டிக்கொண்டது.

"நீங்க மட்டும் இப்படி வாங்கம்மா."

அவள் கண் கலங்கியது. "மேடம், வீட்ல தறிகிட்டயே விட மாட்டேங்கிறாங்க. இங்கயும் தள்ளிடாதீங்க."

"உங்களை யாரு தள்றாங்க? பத்து பேருக்குப் பத்து சானிடைசர் பாட்டில் குடுத்தோம். மூணு மாசத்துல ஸ்டோருக்குக் காலியா திரும்பினது ஒண்ணே ஒண்ணு. அது யாரோடதுன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த நூலு."

ஆதிகேசவன் மெல்லக் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மத்த ஒன்பது பேருக்கும் மெமோ. இந்திராணிம்மா, நீங்க வார்டுலயே இருங்க. சுத்தமான கைக்கான இந்த வருஷ விருதும் உங்களுக்குத்தான்."

ஒன்பது ஜோடி வழவழப்பான கைகள் தட்டின. சுகாசினி கனமான பரிசுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். இந்திராணி சிரித்துக்கொண்டே பிரித்தாள்.

ஐந்து லிட்டர் கேன். அதே மல்லிகை வாசனை.