கடல் பார்த்து வந்த மக்

காலில் ஒட்டும் மணலைக் கழுவ உதவும் என்று பாத்ரூம் மக்கையும் காரில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனது அந்தக் குடும்பம். சாயங்காலம் வீடு திரும்பிய மக், பெருமை தாங்காமல் வாளியின் விளிம்பில் தொங்கியது.

"அண்ணே, இன்னைக்கு நான் கடலையே மொண்டுட்டேன்."

வாளி சிரித்தது. "நீயா? எங்கே, கடல் குறைஞ்சுதா?"

"குறையல. ஆனா நம்ம பாப்பா நிறைமதி மணல்ல குழி தோண்டினா. அதுல நான் ஊத்தினதைப் பார்த்து, 'அம்மா, இது என் கடல்!'னு கத்தினா. கரையே திரும்பிப் பார்த்துச்சு."

வாளி மெல்லக் கேட்டது.

"தம்பி, தினமும் என்கிட்டதானே மொள்ற. அடுத்த தடவை எனக்கும் ஒரு வாய் கடல் கொண்டாந்து ஊத்துறியா?"