வாசம் வருதா?

மேடுபள்ளத்தில் ஓட்டும் நாலுசக்கர பைக்கின் கார்புரேட்டரைத் துடைத்துப் புது வாஷர் போட்டு மாட்டினார் மெக்கானிக்.

"ஒழுகல் நின்னுடுச்சு."

"எதுக்கும் இன்னொரு தடவை பாருங்க," என்றாள் மனைவி.

"எத்தனை தடவைடி? நீயே சொல்லு, பெட்ரோல் வாசம் வருதா?"

"வரலை."

"அப்புறம் என்ன, ஸ்டார்ட் பண்றேன்."

அவள் சட்டென்று சாவியை உருவிக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு? வண்டிக்காரர் தன் பொண்ணை ஏத்திக்கிட்டு மலைக்குப் போகணுமாம்."

"அதான் பயமா இருக்கு."

அதற்குள் வண்டியை எடுக்க வந்த வண்டிக்காரர் பட்டறை வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "என்னண்ணே, பெட்ரோல்லயே குளிச்சீங்களா? தெரு வரைக்கும் நெடி."

மெக்கானிக் படுத்துப் பார்த்தார். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் குழாய் வெடித்து, எஞ்சினின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. வெளிறிப்போய் மனைவியைப் பார்த்தார்.

போன வருட ஜுரத்தில் அவருக்கு வாசனை தெரியாமல் போயிற்று. அதை வெளியே சொல்லவில்லை. அவள் மூக்கை நம்பித்தான் பட்டறை நடக்கிறது.

"போன வாரம் எனக்கும் ஜுரம் வந்துச்சுல்ல," என்றாள் அவள், சாவியை விடாமல், மெல்ல. "காலையில பால் தீஞ்சதுகூடத் தெரியலைங்க."