மனப்பாடம்

ஆட்டுப்பட்டியின் முள்வேலி வழியே சாயங்கால வெயில் கரிசல் வெடிப்புகளில் விழுகிறது. நான்காம் வகுப்புப் படிக்கும் முத்துசெல்வி தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்று பாடம் வாசிக்கிறாள். ஒரு சொல் தவறவில்லை. அப்பா மாயகிருஷ்ணன் சந்தேகப்பட்டு அவள் கையிலிருக்கும் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிவிடுகிறான். அவளோ பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டு போகிறாள். "ஏட்டி, இவ்வளவு நாளும் ஏமாத்துதியா?" காய்ந்த பருத்திமார்க் குச்சி சுளீரென்று அவள் கெண்டைக்காலில் இறங்குகிறது. ஆடுகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. "எழுத்து அவ கண்ணுக்குப் பிடிபடலன்னு கோவில்பட்டி டாக்டரம்மா சொன்னாவல்லா," என்று குறுக்கே வருகிறாள் மனைவி வள்ளித்தாய். "அவ்வளவும் நடிப்பு." அவளைத் தள்ளிவிட்டு மறுபடி வீசுகிறான். தோல் கிழிந்து ரத்தம் குதிகால் வரை வழிகிறது. பிள்ளை அழவில்லை. அடி விழ விழப் பாடத்தை இன்னும் வேகமாகச் சொல்கிறாள். அதைத்தான் வள்ளித்தாயால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவனிடம் அடி வாங்கியே பழகியவள், பருத்திமாரைப் பிடுங்கி அவன் தோளில் ஓங்கி அடிக்கிறாள். அடுத்தது காதோரம் விழுகிறது. அவன் தொட்டியில் மோதி உட்கார்ந்துவிடுகிறான். மண்ணில் கிடக்கும் புத்தகத்தை எடுத்து அவன் மடியில் எறிகிறாள். "இப்பம் நீரு வாசியும்." பருத்திமாரை ஓங்கிய அவள் கை இறங்கவில்லை. பத்தாவது பாஸானவனுக்கு, புத்தகத்தை விரித்தும், ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. முத்துசெல்வி ரத்தக் காலை இழுத்துக்கொண்டு வந்து அவன் காதருகே குனிகிறாள். "சொல்லீருங்கப்பா, அம்மா அடிச்சிருவா," என்று மெதுவாகச் சொல்லி, பாடத்தின் முதல் வரியை எடுத்துக் கொடுக்கிறாள்.